இரவு உதவி வண்டி: தூங்குகிறவரை எழுப்பலாமா?

புதுவண்டி எழுதியது:

வணக்கம். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய வேனைத் தயார் செய்து, இரவில் தெருவில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். போர்வை, காலுறை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்ந்துவிட்டது. குழுவில் ஒரு செவிலியர் இருக்கிறார், மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எத்தனை முறை உட்கார்ந்து பேசினாலும் முடிவு வரமாட்டேன் என்கிறது. நள்ளிரவுக்கு மேல் போனால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்புவதா, வேண்டாமா?

தெருவில் இருப்பவருக்குத் தூக்கம் கிடைப்பதே அரிது, அதைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, போர்வையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தூங்குகிறார் என்று நினைத்து நாம் நகர்ந்துபோய், விடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் நடைமுறையில் என்ன செய்கிறீர்கள்?

பச்சைவிளக்கு எழுதியது:

செவிலியராகச் சொல்கிறேன். எழுப்பலாமா என்று கேட்பதற்கு முன்னால் அது தூக்கம்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவரைத் தொடவே வேண்டாம். ஒரு நிமிடம் முழுதாக நின்று நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருக்கும். தூக்கத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் சீராக இருக்கும். 10க்கும் கீழே போனாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ இனி அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாது, உரக்கக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் உடனே ஆம்புலன்ஸ்.

முக்கியமாகக் குறட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லாக் குறட்டை விடுகிறார், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக் கடந்துபோவது இந்த வேலையில் பெரிய ஆபத்து. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்கள் அளவு மீறும்போது தொண்டையில் நீர் தளும்புவது மாதிரி ஒரு குறட்டை வரும். அது மூச்சுக்குழாய் அடைபடும் சத்தம். கூடவே கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு மூக்கில் அடிக்கும் நாலாக்சோன் ஸ்பிரே, அதாவது அந்தப் பொருளின் வேலையை முறிக்கும் மருந்து, உயிர் காக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அதன் பலன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான் நிற்கும், உள்ளே இருக்கும் பொருள் அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடியும் மயங்கிப் போவது அதனால்தான். ஸ்பிரே அடித்துவிட்டு, சரியாகிவிட்டார் என்று வண்டியை எடுக்கவே கூடாது, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2023 மார்ச்சிலிருந்து இதை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்க அனுமதி இருக்கிறது. மற்ற இடங்களில் விதிகள் வேறுபடும், உங்கள் ஊர் விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘குடிச்சிட்டுக் கிடக்கிறார்’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள். சர்க்கரை இறங்கினவரும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிகிறவரும், வலிப்பு வந்து ஓய்ந்தவரும் பார்ப்பதற்குக் குடித்தவர் மாதிரியேதான் இருப்பார்கள். நாக்கு குழறும், தள்ளாடுவார்கள், எரிச்சலாகப் பேசுவார்கள். நிஜமாகவே குடித்தவராக இருந்தாலும் மல்லாந்து படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தொடர்ந்து நிறையக் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்பதையும் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குடியை நிறுத்தச் சொல்லி நடுராத்திரியில் அறிவுரை கொடுப்பது உபகாரம் இல்லை.

மேம்பாலத்தடி எழுதியது:

நான் சில வருடங்கள் வெளியில்தான் தூங்கினேன், இப்போது இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியில் படுப்பவர் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. ஒரு காது எப்போதும் விழித்திருக்கும். என்னை எழுப்பியவர்களில் உதவி செய்ய வந்தவர்கள் கொஞ்சம்தான், உதைத்து எழுப்பியவர்கள், துரத்த வந்தவர்கள், பையைத் தேடியவர்கள்தான் அதிகம். அதனால் தலைமாட்டில் நின்றுகொண்டு முகத்தில் டார்ச் அடித்தால் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நொடியில் நான் அடிக்கத்தான் கை ஓங்குவேன். கால்மாட்டில், இரண்டு மூன்று எட்டு தள்ளி நில்லுங்கள். வெளிச்சத்தைத் தரையில் காட்டுங்கள். முதலில் உங்கள் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வைத்திருக்கிறீர்கள், இவ்வளவு போதும். பதில் வந்தால் குனிந்தோ உட்கார்ந்தோ பேசுங்கள். நின்றுகொண்டு பேசினால் கீழே படுத்திருப்பவருக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். அவர் எழுந்து போகிற வழியை மட்டும் மறைத்து நிற்காதீர்கள். சுவர் ஓரம் பார்த்துப் படுத்தவரைச் சுற்றி நாலு பேர் அரைவட்டமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் உள்ளே படுத்திருப்பவருக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்று, பக்கத்தில் வைத்துவிட்டு வருவது. வேண்டாம் என்பேன். புதுப் போர்வையோ பையோ தலைமாட்டில் இருந்தால், இந்த ஆள் அசந்து தூங்குகிறான் என்று தெருவுக்கே அறிவித்த மாதிரி. அதை எடுக்க வருகிறவன் அதோடு நிற்கமாட்டான், செருப்பையும் அடையாள அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான். அட்டை போனால் மருத்துவமனையிலிருந்து தங்குமிடம் வரை ஒவ்வொரு மேசையிலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாப்பாட்டை வைத்தால் எலி வரும்.

பின்சக்கரம் எழுதியது:

நான் இப்படி ஒரு வண்டியை ஓட்டுகிறேன். மேலே சொன்னதையெல்லாம் வழிமொழிகிறேன். ஓட்டுநர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

வண்டியைப் படுத்திருப்பவருக்கு நேராக நிறுத்தாதீர்கள், முகப்பு விளக்கு அவர் மேல் விழும். கொஞ்சம் தள்ளி, திரும்பி வெளியே போகிற திசையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வேனின் இழுகதவு ராத்திரி அமைதியில் எவ்வளவு சத்தம் போடும் என்று பகலில் தெரியாது. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சாவி அவரிடம், போன் அவரிடம். இறங்குவது இரண்டு பேர், எப்போதும் இரண்டு பேர், ஒருவர் பேசுவார், மற்றவர் சுற்றிலும் பார்ப்பார். ஒருவருக்கு மனசு சரியில்லை என்று பட்டால் காரணம் கேட்காமல் இரண்டு பேரும் திரும்பி வந்துவிட வேண்டும், அது எங்கள் குழுவில் விவாதத்துக்கு இடமில்லாத விதி.

ஆனால் நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. ஏன் நள்ளிரவுக்கு மேல் கிளம்புகிறீர்கள்? படுப்பதற்கு முன்னாலேயே போனால் இந்தக் கேள்வியில் பாதி இல்லாமல் போய்விடும். கடைகள் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்து, ஆனால் இவர்கள் இன்னும் படுக்காத ஒரு நேரம் எல்லா நகரத்திலும் உண்டு. அந்த நேரத்தில், ஒரே இடத்தில், அதே கிழமையில் வண்டி நின்றால் வேண்டியவர்கள் தாங்களாகவே வருவார்கள், விழித்திருக்கும்போது வருவார்கள், என்ன வேண்டும் என்று வாயால் சொல்வார்கள். சுற்றி வருவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு எழுதியது:

இதை நானும் சொல்ல நினைத்தேன். நிலையான நிறுத்தம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். தெருவில் இருக்கும் பெண்களில் பலர் இரவில் படுப்பதே இல்லை. நடந்துகொண்டே இருப்பார்கள், இரவுப் பேருந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய் வருவார்கள், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் யாரோ ஒருவரின் உறவினர் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், பகலில் வெளிச்சத்தில் தூங்குவார்கள். படுத்திருப்பவர்களை மட்டும் தேடிப் போகும் வண்டிக்கு இவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். தெரிந்த இடத்தில், தெரிந்த நேரத்தில், குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கும் வண்டி நின்றால்தான் வருவார்கள். அதுவும் முதல் வாரமே வர மாட்டார்கள்.

புதுவண்டி எழுதியது:

நேரத்தைப் பற்றி நாங்கள் இந்தக் கோணத்தில் பேசவே இல்லை, மிக்க நன்றி. ஒரு கேள்வி. எழுப்பிவிட்டோம், அவர் பேசுகிறார், ஆனால் எதுவும் வேண்டாம், போய்விடுங்கள் என்கிறார், வெளியிலோ உறைய வைக்கும் குளிர். அப்போது?

பச்சைவிளக்கு எழுதியது:

தெளிவாகப் பேசுகிற பெரியவர் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது அவர் உரிமை, அதை மதித்தால்தான் அடுத்த முறை முகம் கொடுப்பார். ஆனால் தெளிவாகத்தான் பேசுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் குளிரே புத்தியைக் குழப்பிவிடும். உடலின் உள் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே தாழ்வெப்பநிலை என்கிறோம். ஆரம்பத்தில் நடுங்குவார், அது நல்ல அறிகுறி, உடம்பு போராடுகிறது. 32ஐ ஒட்டி இறங்கும்போது நடுக்கம் நின்றுவிடும். பார்ப்பவருக்கு ‘இப்போது பரவாயில்லை’ என்று தோன்றும் நேரம்தான் அவர் மோசமாகும் நேரம். பேச்சு குழறும், என்ன கிழமை என்று தெரியாது, சிலர் வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிச் சட்டையைக் கழற்றுவார்கள். அந்த நிலையில் அவர் சொல்லும் ‘வேண்டாம்’ அவருடைய முடிவு ஆகாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கை காலைத் தேய்க்காதீர்கள், குடிக்க எதுவும் ஊற்றாதீர்கள், ஈரத் துணி இருந்தால் மாற்றி, மெதுவாக, அதிகம் அசைக்காமல் போர்த்திவிடுங்கள். மது குடித்தால் குளிர் தெரியாது என்பது உண்மைதான், தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அந்தச் சூடு வெளியேறுகிற சூடு.

தெளிவாக இருந்து மறுத்தால், சரி என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பி வாருங்கள். எழுப்ப வேண்டியதில்லை, மூச்சை மட்டும் பாருங்கள்.

மேம்பாலத்தடி எழுதியது:

போர்வை பற்றி ஒரு வார்த்தை. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் பெரிய வித்தியாசம். சிமென்ட் தரை உடம்புச் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு பாய், ரப்பர் விரிப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் காய்ந்த அட்டைப்பெட்டி. பருத்திப் போர்வை நனைந்துவிட்டால் அதைப் போர்த்துவதால் பயனில்லை, சுமைதான். அந்தப் பளபளக்கும் தாள் போர்வையைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், சத்தம் போடும், உள்ளே வியர்க்கும், அதன் மேல் துணி ஒன்று வேண்டும். காலுறை கேட்காமலே கொடுங்கள். நாள்கணக்கில் ஈரமாக இருந்த கால், உறைகிற குளிர் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகும், அப்புறம் நடக்க முடியாது, நடக்க முடியாதவர் வரிசையில் நிற்க முடியாது, எதையும் வாங்க முடியாது.

நேர்கேள்வி எழுதியது:

யாரையும் குறை சொல்ல வரவில்லை, ஆனால் கேட்டாக வேண்டும். இத்தனை நுணுக்கமாகப் போர்வை கொடுத்து, மூச்சு எண்ணி, மறுநாளும் அதே இடத்தில் அதே ஆளைப் பார்ப்பதற்குப் பெயர் என்ன? அவருக்குத் தேவை ஒரு அறை, பூட்டக்கூடிய ஒரு கதவு. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம் முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று செய்து காட்டியது. குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்று நிபந்தனை போடாமல் நேராக வீட்டைக் கொடுத்தார்கள், கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டில் நிலைத்தார்கள். தன்னார்வலர்களின் நேரமும் பணமும் வண்டியில் கரைகிறது, நகராட்சியும் ‘அதுதான் வண்டி போகிறதே’ என்று கையைக் கழுவிக்கொள்கிறது. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

பதிவேடு எழுதியது:

உறுத்த வேண்டிய விஷயம்தான். வீடுதான் தீர்வு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கான படிவத்தில் யாருடைய பெயரை எழுதப் போகிறீர்கள்? அலுவலகத்துக்கு வந்து கேட்பவர் பெயர் வரும். கேட்பதையே நிறுத்திவிட்டவர் பெயர் எங்கும் வராது. 1993இல் பாரிஸில் சாமுசோசியல் என்ற இரவு உதவி அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் சேவியர் இமானுவெல்லி இதைத்தான் பிடித்துக்கொண்டார். உதவி கேட்கும் நிலையைத் தாண்டிப் போனவர்களிடம் நாமே போக வேண்டும் என்பதுதான் அந்த இரவு வண்டிகளின் அடிப்படை. ஓட்டுநர், செவிலியர், சமூகப் பணியாளர் என்று மூன்று பேர் ஒரு வண்டியில். அங்கே சம்பளப் பணியாளர்கள்தான் அதிகம், நம்மைப் போன்ற குழுக்களுடன் அப்படியே ஒப்பிட முடியாது, ஆனாலும் அந்த மூன்றாவது ஆளைக் கவனியுங்கள். அவர் இருப்பதால்தான் இரவில் பேசியது பகலில் ஒரு மேசைக்குப் போய்ச் சேர்கிறது.

குளிரில் மட்டும்தான் சாகிறார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. பாஸ்டனில் வெளியில் தூங்கியவர்களை 2000 முதல் 2009 வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. காப்பகங்களில் தூங்கும் வீடற்றவர்களைவிட, வெளியில் தூங்கியவர்களின் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரணங்களில் முன்னால் நின்றவை புற்றுநோயும் இதயநோயும். பல மாதம், பல வருடம் யாரும் பார்க்காமல் விட்ட நோய்கள். ஒரு போர்வையால் அதைத் தொட முடியாது, ஆனால் வாராவாரம் அதே முகம் வந்து, ‘போன வாரம் இருந்த இருமல் இன்னும் இருக்கிறதே’ என்று கேட்டால் தொட முடியும். பிட்ஸ்பர்க்கில் மருத்துவர் ஜிம் விதர்ஸ் 1992இல் இரவில் தெருவில் இறங்கியபோது முன்பு தெருவில் வாழ்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். யாரிடம் எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியும் என்பதால். மேம்பாலத்தடி போன்ற ஒருவர் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும், உதவி வாங்குபவராக அல்ல, குழுவில் ஒருவராக.

நேர்கேள்வி எழுதியது:

அந்த மூன்றாவது ஆள் விஷயம் சரி. அப்படியானால் வண்டி என்ன கொண்டுபோகிறது என்பதைவிடக் காலையில் எங்கே போய்ச் சொல்கிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் கிளம்பும் குழுக்களைப் பற்றித்தான் என் கோபம். வார இறுதியில் ஒரே தெருவில் நாலு வண்டி வருகிறது, செவ்வாய்க்கிழமை ஒன்றும் கிடையாது.

மேம்பாலத்தடி எழுதியது:

ஆமாம். சனிக்கிழமை ராத்திரி திரும்பத் திரும்ப எழுப்புவார்கள். ஒவ்வொரு குழுவும் என் கதையை முதலிலிருந்து கேட்கும். கடைசியில் கதை சொல்லவே பிடிக்காமல் போய்விட்டது, தூங்குகிற மாதிரி நடிப்பேன். ஒரே ஒருவர் மட்டும் கதை கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்றார், வந்தார். மழையில் ஒரு வாரம் வண்டி வரவில்லை, வேறு ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். என் கால் புண்ணை அவரிடம்தான் முதலில் காட்டினேன், அதற்குள் அவர் பல வாரம் வந்துவிட்டிருந்தார். வர முடியாது என்றால் வருகிறேன் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பின்சக்கரம் எழுதியது:

இதனால்தான் எங்கள் குழுவில் வாரத்துக்கு ஓர் இரவுக்கு மேல் யாரையும் அனுப்புவதில்லை. ஆரம்ப உற்சாகத்தில் தினமும் வருகிறேன் என்பவர் சில மாதத்தில் ஓய்ந்து காணாமல் போவார், அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னொரு கைவிடல். குறைவாக, ஆனால் தவறாமல். திரும்பி வந்ததும் வண்டியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து அன்று பார்த்ததைப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கெட்ட ராத்திரிகள் வரும், அதை ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

படம் எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூடாது. நன்கொடையாளர் கேட்டாலும் கூடாது. வண்டியை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

புதுவண்டி எழுதியது:

இன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டு இந்த இழையைப் படித்துக்காட்டினேன். இப்படி முடிவு செய்திருக்கிறோம். வாரத்தில் ஒரே ஒரு நாள், செவ்வாய். முதலில் படுப்பதற்கு முன்னாலான நேரத்தில் ஓர் இடத்தில் நிற்பது, அதற்குப் பிறகு ஒரே ஒரு சுற்று. சுற்றில் மூச்சை எண்ணுவோம், அறிகுறி இல்லாவிட்டால் எழுப்ப மாட்டோம், எதையும் வைத்துவிட்டு வரவும் மாட்டோம். பகலில் தங்குமிடம் ஒன்றும் இலவச மருத்துவ மையம் ஒன்றும் எங்களிடமிருந்து தகவல் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும்வரை வண்டியை எடுப்பதில்லை. பதிவேட்டில் எவ்வளவு எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், வெப்பமானி வாங்கச் சொல்கிறார்கள், எது வாங்குவது?

பதிவேடு எழுதியது:

அவர் எந்தப் பெயரால் கூப்பிடச் சொல்கிறாரோ அந்தப் பெயர், வழக்கமாக இருக்கும் இடம், அடுத்த முறை என்ன கேட்டிருக்கிறார், நாம் என்ன ஒப்புக்கொண்டோம். மையத்துக்குத் தகவல் போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, அதையும் எழுதுங்கள். நோய் விவரம் எதையும் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். படுக்கும் இடத்தையும் போடாதீர்கள், அது தெரிந்தால் அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

பச்சைவிளக்கு எழுதியது:

சாதாரண வெப்பமானி காய்ச்சலுக்காகச் செய்தது, பலவற்றில் 34, 35க்குக் கீழே அளவே காட்டாது. குறைந்த வெப்பத்தையும் காட்டும் வகை என்று கேட்டு வாங்குங்கள். நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வகை குளிர்ந்த தோலில் சரியாகக் காட்டாது. எதை வாங்கினாலும் நடுக்கம், பேச்சு, மூச்சு மூன்றையும்தான் முதலில் பாருங்கள், கருவியில் எண் சரியாக இருக்கிறது என்பதற்காகக் குழறிப் பேசுகிறவரை விட்டுவிட்டு வராதீர்கள். கோடையில் வண்டி போவதாக இருந்தால் வேறு பட்டியல் வேண்டும். ராத்திரியிலும் சூடு இறங்காத நாள்களில் குழப்பமாகப் பேசுகிற, தோல் கொதிக்கிற ஒருவரைப் பார்த்தால் நிழலும் தண்ணீரும் போதும் என்று இருந்துவிடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தனி இழையாக இந்த வாரம் எழுதுகிறேன்.